ஏட்டையாவைத் தேடி வந்த வேன்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கையில் சீப்பும் ஈரத்துண்டுமாக அறை அறையாகப் போவேன். குற்றாலம் போகும் சாலையிலிருந்து வயல் வழியே கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிற முதியோர் இல்லம் அது. அங்கே இருப்பவர்களை அவரவர் வீட்டாரோடு வீடியோ காலில் பேச வைப்பது என் வேலை. அதற்கு முன் தென்காசியில் ஒரு செல்போன் கடையில் இருந்தேன். போனைத் தட்டத் தெரிந்தால் போதும் என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். சேர்ந்த பிறகுதான் பாதி வேலை போனில் இல்லை என்று தெரிந்தது. தலை சீவிவிட வேண்டும். வாயோரம் துடைக்க வேண்டும். பல்செட்டைத் தேடி மாட்டிவிட வேண்டும். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி உட்கார வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பக்கம் இருப்பவர்கள், "என்ன இப்படிக் கறுத்துப் போயிட்டாங்க, சாப்பாடு சரியில்லையோ?" என்று என்னைப் பிடித்துக்கொள்வார்கள்.

எனக்குப் பொறுமை குறைவு. இல்லத்தில் எல்லாருக்கும் அது தெரியும். போனைக் காதில் கொண்டுபோய் வைத்துக்கொண்டு கேமராவுக்குத் தன் காதோலையைக் காட்டும் பாட்டிகளிடம் எத்தனை தரம்தான் சிரித்த முகமாகச் சொல்வது? ஆனால் அவர்கள்மேல் வருகிற கோபம் அடுத்த நிமிடமே போய்விடும். போகாத கோபம் ஒருவர்மேல்தான் இருந்தது. அவர் ஏட்டையா.

போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வுபெற்றவர். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. சமையல்காரர் முதல் டாக்டர் வரை எல்லாருக்கும் அவர் ஏட்டையாதான். மனைவி போய்ச் சேர்ந்தாயிற்று. மகன் ராணுவத்தில், வடக்கே எங்கோ மலைமேல் இருந்தான். மகளை ராயகிரியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். ஏட்டையாவின் சொந்த ஊர் வீட்டில் வாடகைக்கு ஆள் இருந்தது. அப்பாவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போக மகள் தவம் கிடந்தாள். அவர் அசையவில்லை. பெண்ணைக் கொடுத்த வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது அவர் கட்சி. மகளைப் பார்க்கப் போனால்கூடக் காப்பி குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்துவிடுவாராம்.

"மருமவன் வீட்டு வாசல்ல நாய் மாதிரி உக்காந்து சோறு திங்கச் சொல்லுதியா? என் பென்சன் இருக்கு, நான் இங்கனயே கிடக்கேன்" என்பார்.

மகனும் மகளும் சேர்ந்தாற்போல ஒரே வீடியோ காலில் வருவார்கள். நலம் விசாரிப்பு முடிந்ததும் மகள் மெதுவாகத் தொடங்குவாள். "எப்பா, வந்திருங்கப்பா. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்." அவ்வளவுதான், ஏட்டையா கண்ணை மூடிக்கொள்வார். தூக்கமும் இல்லை, கேட்காமலும் இல்லை. மகள் பேசி, கெஞ்சி, மூக்கை உறிஞ்சி, ஓய்ந்து போகிற வரை கண் மூடியே இருக்கும். கால் முடிந்த சத்தம் கேட்டதும் திறப்பார். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டு போனைப் பிடித்திருப்பவள் நான்தானே. வாராவாரம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த ஞாயிறு ஏட்டையாவுக்குக் கடைவாய்ப் பல் வீங்கி, கன்னம் புடைத்துப் போயிருந்தது. மறுநாள் டாக்டரிடம் போவதாக ஏற்பாடு. அதுவரை தாங்கட்டும் என்று ஆயாம்மா உப்பை வறுத்துத் துணியில் முடிந்து, அதைக் கன்னத்தோடு வைத்து, பழைய வேட்டியில் கிழித்த வெள்ளைத் துணியால் நாடியைச் சுற்றி உச்சந்தலையில் முடிச்சுப் போட்டிருந்தார். காலையில் பூசிய விபூதி நெற்றி நிறைய இருந்தது. ஏட்டையா மல்லாந்து படுத்திருந்தார். எழுந்து உட்காரச் சொன்னேன். முறைத்தார். சரி, படுத்தே பேசட்டும் என்று கட்டிலுக்கு மேலே போனைப் பிடித்தேன்.

மகள் பக்கத்து வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்ததால் அன்று மகன் மட்டும்தான் வந்தான். சீசன் நேரம். வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது. குற்றாலத்துக்கு வந்த கூட்டமெல்லாம் அருவியைப் படம் பிடித்து அனுப்புகிற ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பக்கம் லைன் கிடைப்பதே பெரிய பாடு. படம் நின்று நின்று வந்தது. அவன் வேறு நேரே விஷயத்துக்கு வந்துவிட்டான்.

"எப்பா, அக்கா போன வாரமும் அழுதா. அவ வீட்டுக்குப் போயிருங்களேம்ப்பா."

ஏட்டையா கண்ணை மூடிக்கொண்டார்.

"எப்பா? எப்பா, என்னப்பா ஆச்சு?" என்றான் மகன். அப்போதுதான் அவன் பக்கம் படம் தெளிந்திருக்க வேண்டும். பல்வலி என்று சொல்லலாமென்று போனை என் பக்கம் திருப்பினேன். மின்சாரம் போயிற்று. வைஃபையும் போயிற்று. என் போனில் இருந்த ஒரு கோடு சிக்னலும் அணைந்தது. இரண்டு மூன்று முறை முயன்றுவிட்டு, கரண்ட் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அடுத்த அறைக்குப் போய்விட்டேன். இது எங்களுக்கு வழக்கம்தான்.

மத்தியானம் தென்காசியிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு வந்த எங்கள் ஆட்டோ டிரைவர் சாக்கு மூட்டையை இறக்காமலேயே என்னிடம் ஓடி வந்தார்.

"யக்கா, ஏட்டையா எப்பம் தவறினாரு? காலைல நான் போகும்போது நல்லாத்தான இருந்தாரு?"

"யாரு சொன்னா?"

அவர் போனை நீட்டினார். டவுனில் சிக்னல் இருந்தபோது வந்த படம். யாரோ தெரிந்தவர்கள் ஸ்டேட்டஸ் போட்டிருந்தார்கள். சுற்றிலும் பூ பார்டர், மேலே 'கண்ணீர் அஞ்சலி', நடுவில் ஏட்டையா. கண் மூடியிருக்கிறது. நெற்றி நிறைய விபூதி. வெள்ளைத் துணி நாடியைச் சேர்த்துத் தலையில் கட்டியிருக்கிறது. செத்தவர்களுக்கு வாய் திறந்துகொள்ளாமல் இருக்கக் கட்டுவதும் அப்படித்தான். உப்பு முடிச்சு இருந்த கன்னம் நிழலில் போயிருந்தது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, நடமாடிக்கொண்டிருக்கிற மனிதர் என்று எவன் சொல்வான்? காலையில் வீடியோ கால் நின்றபோது திரையில் உறைந்து நின்றதை மகன் பிடித்த ஸ்கிரீன்ஷாட் அது. அக்காவுக்கு அனுப்பியிருக்கிறான். அங்கிருந்து சொந்தக்காரர்கள் குரூப்புக்குப் போய், அங்கிருந்து ஊரெல்லாம் சுற்றிவிட்டது. மகன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பூ பார்டர் போட்டவன் மட்டும் கையில் கிடைத்தால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. ஒரு போன் போட்டுக் கேட்டானா, பாவி?

எனக்குப் பயமெல்லாம் மகளை நினைத்துத்தான். அவளுக்கு ரத்தக்கொதிப்பு உண்டு. ஒருமுறை மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவள். அந்தப் படத்தை அவள் எப்படித் தாங்குவாள்? இல்லத்து மேலாளர் வெளியூர் போயிருந்தார். சொல்லிக்கொண்டு நிற்க நேரமில்லை. ஆட்டோவிலேயே ஏறி மெயின் ரோட்டுக்கு விடச் சொன்னேன்.

ரோட்டில் வண்டிகள் நகரவில்லை. தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, தோளில் துண்டோடு கூட்டம் கூட்டமாக ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள். ஒரு பஸ்ஸில் பாட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. நான் ரோட்டோரம் நனைந்துகொண்டே போனைத் தூக்கிப் பிடித்து அங்குமிங்கும் நடந்தேன். மகன் நம்பர் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மகள் நம்பர் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. திரும்பத் திரும்பப் போட்டேன். கடைசியில், சாவு வீட்டு இரைச்சலுக்கு நடுவே ஓர் ஆண் குரல் எடுத்தது.

"ஆமா, துட்டி வீடுதான். யாரு பேசுதது?"

"இல்லத்துல இருந்து பேசுதேன். ஏட்டையா நல்லா இருக்காரு. சாகலை. அவரு மககிட்ட கொடுங்க."

"அது இல்லம்மா, அவ படத்தப் பாத்ததுமே மயங்கி விழுந்துட்டா. தண்ணி தெளிச்சு வேன்ல ஏத்திக்கிட்டுப் போயிருக்காவ. போன இங்கனயே போட்டுட்டுப் போயிட்டா. எப்பம் அங்கன இருந்து எடுப்பிய? ஐஸ் பெட்டி வந்து நிக்குது."

"நான் சொல்லுதது கேக்கா? அவருக்குப் பல்வலி. உயிரோட இருக்காரு!"

"நாங்க படம் பாத்துட்டோம்லா. நீங்க யாரு, அங்கன என்ன வேலை பாக்குதிய?" என்றார் அவர் சந்தேகமாக. பிறகு லைன் அறுந்தது.

நான் தொண்டை கிழியக் கத்தியது எடுபடவில்லை, அந்த ஒரு படம் எடுபட்டுவிட்டது. அப்படியென்றால் படத்துக்குப் படம்தான் பதில். ஏட்டையா பேசுகிற மாதிரி ஒரு வீடியோ எடுத்து, இல்லத்துப் பதிவேட்டில் இருக்கிற மருமகன் நம்பருக்கு அனுப்பிவிட வேண்டும். வேன் வந்து சேர்வதற்குள் அது அவர்களைப் போய்ச் சேர வேண்டும். வாசலில் வண்டி நின்று, அழுகையோடு உள்ளே ஓடி வருகிறவள், உட்கார்ந்திருக்கிற அப்பாவைப் பார்த்தால் நெஞ்சு என்னத்துக்கு ஆகும்? அவள் விழுந்துவிட்டால் பொய்த் துட்டி நிஜத் துட்டியாகிவிடும். ஆட்டோவைத் திருப்பச் சொன்னேன்.

ஏட்டையா அதே மாதிரி படுத்துக் கிடந்தார். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வரவில்லை.

"ஏட்டையா, நீங்க செத்துட்டியளாம்."

கண்ணைத் திறந்தார்.

டிரைவரிடம் வாங்கி வந்திருந்த போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். தலையணைக்கடியிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் கை தானாக மேலே போய் உச்சந்தலை முடிச்சைத் தொட்டது. அவிழ்க்க விரல் ஒத்துழைக்கவில்லை. நான் அவிழ்த்துவிட்டேன். உப்பு முடிச்சு தரையில் விழுந்தது.

"பிள்ள பாத்துட்டாளா?" என்றார். வீங்கின வாயில் குழறிக்கொண்டு வந்தது.

"பாத்துட்டா. மயங்கி விழுந்துட்டா. இப்பம் உங்கள எடுத்துட்டுப் போக வேன்ல வந்துக்கிட்டு இருக்கா."

அவர் எழுந்து உட்கார்ந்தார். எனக்குள் வாராவாரம் சேர்ந்திருந்தது அப்போது வெளியே வந்தது.

"நீங்க கண்ண மூடாம ஒரு வார்த்தை அந்தப் பயகிட்டப் பேசியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது, ஏட்டையா. அது எப்படி, பெத்த பிள்ளையப் பாத்துக் கண்ண மூட உங்களுக்கு மனசு வருது?"

ஆயாம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். நான் விடவில்லை. வழக்கமாக இருந்தால் ஏட்டையா ஸ்டேஷனில் திருடனை அதட்டுகிற மாதிரி என்னை அதட்டியிருப்பார். அன்று அதட்டவில்லை. "எடு, வீடியோவ எடு" என்றார்.

சட்டையை மாட்டிக்கொண்டார். பித்தான் ஏறுக்குமாறாகப் போட்டிருந்தது, திருத்த நேரமில்லை. கேமராவைப் பார்த்து, மேலதிகாரிக்குத் தகவல் சொல்கிற குரலில் பேசினார்.

"நான் நல்லா இருக்கேன். எனக்குப் பல்வலி. வேற ஒரு கோளாறும் இல்ல. ஏட்டி, நீ அழாத. மாத்திரையப் போட்டுட்டு..." முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

போனைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினேன். மாடியில் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றால் சில நேரம் சிக்னல் கிடைக்கும். ஏறினேன். காற்று ஆளைத் தள்ளியது. அனுப்புகிற வட்டம் சுற்றத் தொடங்கியது. கொஞ்சம் நிரம்பி நின்றது. மறுபடி சுற்றியது. போ, போ என்று அதைப் பார்த்துக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் கோயிலில்கூட நான் அப்படிக் கெஞ்சியதில்லை. நிமிர்ந்து பார்த்தபோது வயல் நடுவே எங்கள் இல்லத்துக்கு வருகிற பாதையில் ஒரு வெள்ளை வேன் திரும்பிக்கொண்டிருந்தது. முன் கண்ணாடிக்குள் ஒரு பெரிய ரோஜா மாலை ஆடியது.

படிகளில் விழாத குறையாக இறங்கி ஓடினேன். அதற்குள் வேன் கதவு திறந்துவிட்டது. பெண்கள் தலைவிரி கோலமாக இறங்கினார்கள். மகளை இரண்டு பேர் தாங்கிப் பிடித்திருந்தார்கள். வாராவாரம் நான் போனில் பார்த்த முகம்தான், ஆனால் அடையாளம் தெரியவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து, மழைத் தண்ணீரில் கையால் அடித்து அழத் தொடங்கினாள்.

"என்னப் பெத்த எப்பா... ஒரு வாய்க் கஞ்சி என் கையால வாங்கிக் குடிக்காமப் போயிட்டியளே... நான் என்ன பாவம் செஞ்சேன், பொட்டப்பிள்ளையாப் பொறந்தது ஒரு பாவமா... என் வீட்டுத் தண்ணி உங்களுக்கு விசமாப் போச்சே..."

"அழாதிய, அழாதிய, அவரு இருக்காரு" என்று நான் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். சாவு வீட்டில் எல்லாரும் சொல்கிற ஆறுதல் என்று நினைத்தாளோ என்னவோ, என்னையும் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் புருஷன் காதில்தான் முதலில் விழுந்தது. கையில் கோடித் துணியோடு நின்றவர் என் பக்கம் திரும்பினார். "என்னது?" என்றார். "பல்வலி. வாங்க, உள்ள வந்து பாருங்க. முதல்ல அவள ஒரு வாய் தண்ணி குடிக்க வைங்க" என்றேன். அவர் அவள் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "ஏ பிள்ள, இங்க பாரு. மாமா சாகலை. மாமா இருக்காரு." அவள் நம்பவில்லை. தண்ணீரைக் குடிக்க வைத்து, நானும் அவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனோம். அவள் நாடித்துடிப்பு என் விரலுக்கடியில் தறிகெட்டு ஓடியது.

ஏட்டையா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கேட்டுக்கும் அவர் ஜன்னலுக்கும் நடுவில் ஒரு முற்றம்தான். மகள் அழுத ஒவ்வொரு சொல்லும் அவருக்குக் கேட்டிருக்கும். கேமரா இல்லை, கண்ணை மூடிக் காத்திருந்தால் முடிந்துபோகிற வீடியோ காலும் இல்லை.

அவள் வாசலில் நின்றாள். இதோ விழப்போகிறாள் என்று தாங்கத் தயாராக நின்றேன். அவள் விழவில்லை. நேரே போய் அவர் தோளில் அடித்தாள். நெஞ்சில் அடித்தாள். வலி இருந்த கன்னத்தில் மட்டும் படாமல் அடித்தாள். ஏட்டையா தடுக்கவில்லை. பிறகு அவர் மடியில் தலையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கரண்ட் வந்தது. மகனுக்குப் போட்டேன். ஊருக்குக் கிளம்பி எந்த ஸ்டேஷனிலோ நின்றுகொண்டிருந்தான். அப்பா முகத்தைப் பார்த்ததும் அந்தப் பட்டாளத்துக்காரன் வாயைப் பொத்திக்கொண்டு அழுததை நான் பார்த்திருக்கக் கூடாது. "ஏலே, எனக்கு ஒண்ணுமில்லலே. அழாதலே, ஆளுவ பாக்காங்க" என்றார் ஏட்டையா. அன்று கண்ணை மூடவே இல்லை.

அறைக்கு வெளியே சொந்தக்காரர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். மாலையை ஒருவர் வேனுக்குள் ஒளித்து வைக்க ஓடினார். மருமகன் தயங்கித் தயங்கி, "மச்சான்தான் மாமா சொன்னாரு. உங்க வீட்டுல வாடகைக்கு ஆளு இருக்கு, அக்கா வீட்டுக்கே கொண்டு போயிருங்கன்னு. ஐஸ் பெட்டி வைக்க இடம் வேணும்னு முன் ரூம்ல கிடந்த கட்டில வெளிய தூக்கிப் போட்டாச்சு" என்றார். என்ன சொல்கிறோம் என்று தெரிந்து பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மகள் தலையை நிமிர்த்தினாள். அழுது அழுது குரல் கட்டிப்போயிருந்தது. கெஞ்சுகிற குரலாக அது இல்லை.

"ஐஸ் பெட்டில படுக்க என் வீடு ஆகும். கட்டில்ல படுக்க ஆகாதாப்பா?"

ஏட்டையா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஈரச் சேலையும் கலைந்த தலையுமாகத் தரையில் கிடக்கிற மகளைவிட்டுப் பார்வையை எடுக்கவில்லை. பிறகு தலையைத் தூக்கி மருமகனைப் பார்த்தார்.

"மாப்ளே, வீட்டுக்கு ஒரு போன் போடுங்க. அந்தக் கட்டில உள்ள தூக்கிப் போடச் சொல்லுங்க. ராத்திரி நான் எங்கன படுக்க?"